மருந்துக்கடை வாசலில் அம்சா

அம்சாவுக்கு வாய் அதிகம் என்று திருத்தணியில் பலர் சொல்வார்கள். சொன்னவர்களில் பெரும்பாலோர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். வாயில்லாத பெண்ணாக இருந்திருந்தால் தறிக்காரர் பஞ்சாட்சரத்தின் மகள், ஐந்தாவதோடு படிப்பு நின்றவள் என்பதோடு அவள் கதை முடிந்திருக்கும்.

படிப்பு தானாக நிற்கவில்லை, நிறுத்தினார்கள். வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பெண்ணை வீட்டில் உட்கார வைத்ததற்குப் பஞ்சாட்சரம் சொன்ன காரணம், தம்பியும் பள்ளிக்கூடம் போகப் போகிறான், இரண்டு பேரும் போய்விட்டால் தார் யார் சுற்றுவது என்பதுதான். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கும் அந்த வேலை அன்று முதல் அம்சாவின் கைக்கு வந்தது. அம்மா கன்னியம்மாள் இன்னொரு ராட்டையில் உட்கார்ந்தாள். தம்பி தேசப்பன் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு போனான்.

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு ராஜகுமாரன் வளர்ந்தான். முட்டை அவனுக்கு மட்டும். மாடவிளக்கு போய் மின்விளக்கு வந்தபோது அது அவன் தலைக்கு மேல் தொங்கியது. அவன் புத்தகத்தைக் கையில் எடுத்தால் சத்தம் கூடாதென்று பஞ்சாட்சரம் தறியை நிறுத்திவிட்டுத் தெருமுனைக்குப் போய் நிற்பார். உள்ளே தேசப்பன் புத்தகத்தை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்குவான். அம்சா அதைப் பார்த்துவிட்டு, "நைனா, உம் புள்ள படிக்கிற சத்தம் கொறட்டையா கேக்குது, போய் கேளு" என்பாள். அவளுக்குத்தான் திட்டு விழும்.

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடைகளைத் திறந்து, திறந்ததை மறுபடி மூடியிருந்த காலம். பழகிய நாக்குகள் சும்மா இருக்குமா? வயிற்று உப்புசத்துக்குச் சில சொட்டு தண்ணீரில் விட்டுக் குடிக்க வேண்டிய இஞ்சி மருந்து ஒன்று மருந்துக்கடைகளில் இருந்தது. ஜிஞ்சர் என்பார்கள். அதில் இஞ்சியைவிடச் சாராயம் அதிகம். சொட்டுக்கணக்கை மறந்துவிட்டுப் பாட்டிலோடு கோலி சோடாவில் ஊற்றிக் குடித்தால் கள்ளுக்கடை தோற்றுவிடும். முதலில் பெரியவர்கள் குடித்தார்கள். பிறகு அந்தப் பெரியவர்களைப் பார்த்து மீசை அரும்பாத பள்ளிக்கூடப் பையன்கள் குடித்தார்கள். காக்கி நிஜாரும் வெள்ளைச் சட்டையுமாக, சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு, மருந்துக்கடைப் படியேறி, நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு ஜிஞ்சர்" என்று கேட்பதில் அவர்களுக்கு ஒரு வீரம். அடுத்த தெருவில் அம்மா கூப்பிட்டால் வேர்த்துப் போகிற வீரம்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருந்த மருந்துக்கடை ஜம்புலிங்கத்துடையது. நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், வருஷம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி. யாரைப் பார்த்தாலும் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். வயிற்று வலி என்று ஒரே வகுப்பிலிருந்து ஒரு கூட்டமே வருகிறதே, இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ கோளாறு என்றாவது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "முருகா" என்று கல்லாவை மூடுவார்.

பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் மத்தியானம், சரவணப் பொய்கைப் பக்கத்து மண்டபத்தில் தேசப்பன் தன் வாந்தியிலேயே கிடந்தான். மொட்டையடிக்க வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று பார்த்துவிட்டு, பையில் இருந்த புத்தகத்தில் பெயரைப் படித்து, விசாரித்து, ஜட்கா வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியது. கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கண்ணு பட்டுடுச்சே! ஊரு கண்ணெல்லாம் எம் புள்ள மேலதானே!"

மிளகாயும் உப்பும் எடுத்து அவனைச் சுற்றி அடுப்பில் போட்டாள். பஞ்சாட்சரம் வேறு முடிவுக்கு வந்தார். "படிச்சிப் படிச்சி மூளை சூடாயிடுச்சி. கொஞ்சம் வெண்ணெய் வாங்கியாந்து தலையில தேயி."

அம்சா குனிந்து தம்பியின் வாயை முகர்ந்தாள்.

"வெண்ணெயும் வேணாம், வெளக்கெண்ணெயும் வேணாம். புள்ள குடிச்சிட்டு வந்துகீறான் நைனா. வண்டிக்காரனே மூக்கைப் பொத்திகினு போறான், உங்களுக்குத் தெரியலியா?"

கன்னியம்மாள் மகளை அடித்தாள். கைக்குழந்தைமேல் பழி போடுகிறாளாம்.

மறுநாள் தெளிந்த தேசப்பனைக் கொல்லைக் கிணற்றடியில் வைத்து அம்சா கேட்டாள். அவன் மழுப்பவில்லை. அக்காவிடம் மழுப்ப வேண்டும் என்ற மரியாதைகூட அவனுக்கு இல்லை.

"எல்லாரும்தான் குடிக்கறாங்க. மருந்துதானே, அது இன்னா சாராயமா? உனுக்கு இதெல்லாம் தெரியாது. நீ போய் தார் சுத்து."

அம்சா அன்று தார் சுற்றவில்லை. நேராக ஜம்புலிங்கத்தின் கடைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வா தாயி. இன்னா வேணும்?"

"பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு ஜிஞ்சர் விக்காதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"மருந்துக் கடையில மருந்துதாம்மா விப்பாங்க. பாட்டில் மேல சீட்டு ஒட்டிகீது, எவ்ளோ குடிக்கணும்னு அதுல போட்டுகீது. படிக்கிற பசங்கதானே, படிச்சிப் பாக்கட்டும்."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஜம்புலிங்கமும் தன் வார்த்தையை ரசித்துச் சிரித்தார். அம்சா அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

தலைமையாசிரியர் சுந்தரமூர்த்தி அவளை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். ஒழுக்கத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் வெயிலில் நிற்கிற பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். விழுந்தவர்களில் யார் வெயிலால் விழுந்தார்கள், யார் ஜிஞ்சரால் விழுந்தார்கள் என்று மட்டும் அவர் பார்த்ததில்லை.

"என் பள்ளியில் அப்படி ஒருவன்கூடக் கிடையாது. சினிமா பார்த்துக் கெட்டுப்போகிறார்கள், அவ்வளவுதான். நீ சொல்வது வெளியே போனால் பள்ளியின் பெயர் என்னாவது?"

"பேரு நல்லாத்தான் சார் கீது. புள்ளைங்கதான் மண்டபத்துல கீதுங்க" என்று சொல்லிவிட்டு அம்சா திரும்பி நடந்தாள். அவள் பின்னால் அவர் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை, புரியாததில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் ஜம்புலிங்கத்தின் கடை வாசலுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், ஒரு கூடை அவித்த வேர்க்கடலையோடு அம்சா உட்கார்ந்தாள். எதிரே டீக்கடை. எப்போதும் அங்கே ஆள் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் முதலில் வந்தவன் கச்சேரித் தெரு நாகேந்திரன் மகன். அவனுடைய அக்காவும் அம்சாவும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் படியில் கால் வைத்தான். அம்சா டீக்கடை வரைக்கும் கேட்கிற குரலில், ரொம்ப அக்கறையாக விசாரித்தாள்.

"இன்னா கண்ணு, வயித்து வலியா? நீ கச்சேரித் தெரு நாகேந்திரன் புள்ளதானே? பாவம், இந்த வயசுல வயித்து வலி வரலாமா? உங்க நைனாவுக்குத் தெரியுமா? நான் வேணா வீட்டாண்ட வந்து சொல்லட்டுமா?"

டீக்கடையில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. பையன் மருந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடினான். அடுத்து வந்தவனுக்கும் அதே விசாரிப்பு. அவன் அப்பன் பெயர், தெருப் பெயர், அப்பன் பார்க்கிற உத்தியோகம் எல்லாம் சேர்த்து. மூன்றாமவன் தூரத்திலேயே நின்று, செருப்பு அறுந்ததைப் பார்ப்பது போல் குனிந்துவிட்டு, வந்த வழியே போனான். அவன் காலில் செருப்பே இல்லை.

ஜம்புலிங்கம் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, வியாபாரத்தைக் கெடுக்கறே?"

"நான் இன்னா கெடுத்தேன்? வயித்து வலி நல்லதா, கெட்டதா? நோயாளியை விசாரிச்சா தப்பா? நீங்க மருந்து குடுங்க, நான் விசாரிக்கறேன்."

மருந்துதான் விற்கிறேன் என்று அவரே கட்டிய வேலிக்குள் அவரே மாட்டிக்கொண்டார். போலீஸ்காரர் ஒருவரை அழைத்துவந்து காட்டினார். போலீஸ்காரர், நடைபாதையில் கடை போடக் கூடாது என்றார்.

"ஆங், எழுந்துக்கறேன். அந்த மருந்துக்கடைப் படி கூட நடைபாதையிலதான் நீட்டிகினு கீது. அதை மொதல்ல இடிங்க."

போலீஸ்காரர் படியைப் பார்த்தார், ஜம்புலிங்கத்தைப் பார்த்தார், கூடையிலிருந்து ஒரு கை கடலையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

டீக்கடையில் இருந்தவர்களுக்கு இது தினசரி வேடிக்கையாயிற்று. இன்றைக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதற்காகவே ஒரு டீயை அரை மணி நேரம் குடித்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம், வயசுக்கு வந்த பெண் தெருவில் உட்கார்ந்து ஆம்பிளைப் பிள்ளைகளை வம்புக்கு இழுக்கிறாள், காலம் கெட்டுவிட்டது என்றார்கள்.

பஞ்சாட்சரத்துக்கு நூல் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்கிற முதலாளியின் காதுக்கு ஜம்புலிங்கம் விஷயத்தைக் கொண்டுபோனார். முதலாளி பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பஞ்சாட்சரம் வீட்டுக்கு வந்து கத்தினார்.

"மானம் போச்சிடி! தெருவுல தலை காட்ட முடியல!"

"மானம் அன்னிக்கு மண்டபத்துல வாந்தியில பெரண்டுகினு கெடந்துதே நைனா, அப்ப ஏன் நீ தேடல?"

அவர் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உண்மையாகவே வலித்தது. பள்ளிப்பட்டில் ஒரு வரன் பேசியிருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அந்தப் பையன் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்திருந்தான். அம்சாவுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. கடை வாசல் சங்கதி பள்ளிப்பட்டுக்குப் போனதும் அவர்கள் ஆள் அனுப்பி, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். முன்பு அதே ஜாதகத்தில் எல்லாப் பொருத்தமும் இருந்தது. அம்சா கொல்லையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடலை அவிக்கப் போனாள்.

பையன்கள் வருவது குறைந்தது. குடியை விட்டவர்களில் தேசப்பன் இல்லை. அவனுக்கு நண்பர்கள் வேறு வழியில் வாங்கித் தந்துகொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பயப்படுகிறான் என்று அவனைக் கேலி செய்துகொண்டும் இருந்தார்கள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவன் இரண்டு கூட்டாளிகளோடு வந்தான். கூட்டாளிகள் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டார்கள். தேசப்பன் அக்காவைப் பார்க்காதவன் போல் படியில் ஏறி, "ஒரு ஜிஞ்சர்" என்றான்.

தன் தம்பிக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று பார்க்கத் தெருவே காத்திருந்தது. அம்சாவின் குரல் கொஞ்சமும் தணியவில்லை.

"இன்னா கண்ணு, வயித்து வலியா? நீ தறிக்காரர் பஞ்சாட்சரம் புள்ளதானே? அம்மா பேரு கன்னியம்மாள். பாவம், அந்தம்மா கையெல்லாம் நூல் அறுத்துக் காப்பு காச்சிப் போயிருக்கும். அக்கா ஒருத்தி கீறா, நீ படிக்கணும்னு அவளை அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. நல்லாப் படிக்கறியா கண்ணு?"

தேசப்பன் திரும்பி வந்து கூடையை உதைத்தான். கடலை தெருவெல்லாம் சிதறியது. அம்சா எழுந்தாள். அவன் அவள் கன்னத்தில் அறைந்தான். சத்தம் டீக்கடை வரை கேட்டது.

அப்போது ஜம்புலிங்கம் ஒரு காரியம் செய்தார். யோசித்துச் செய்யவில்லை, கைப்பழக்கம். தேசப்பன் கேட்டதைக் காகிதத்தில் சுற்றி முடித்திருந்தார். கல்லாவுக்கு மேல் எட்டி, "இந்தா தம்பி" என்று நீட்டினார். அக்காவை அறைந்த கை இன்னும் கீழே இறங்கவில்லை. அந்தக் கையில் பாட்டிலைக் கொடுக்க அவர் கை நீண்டுகொண்டிருந்தது. தெருவே பார்த்தது.

டீக்கடையிலிருந்து முதலில் ஓடிவந்தவர் கச்சேரித் தெரு நாகேந்திரன். தன் மகன் பெயர் அந்த வாசலில் ஏலம் போனதிலிருந்து அவருக்குள் வெந்துகொண்டிருந்தது. பாட்டிலைப் பிடுங்கிப் படியில் அடித்து உடைத்தார். இஞ்சி வாசனை எழுந்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தர்மம் நினைவுக்கு வந்துவிட்டது. மாதக்கணக்கில் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்கள் கண்ணாடி அலமாரியை உடைத்தார்கள். அவர்களில் சிலர் முந்தின வாரம்வரை அந்தக் கடையில் ஜிஞ்சர் வாங்கியவர்கள். அவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். ஜம்புலிங்கம் கூப்பிய கையோடு, "மருந்துங்க, மருந்துதாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் போலீஸ் வந்து அவரையும் மிச்ச பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டு போனது.

அம்சா அந்தக் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, மிதிபடாத கடலைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. தேசப்பன் அங்கே இல்லை. கண்ணாடி உடைந்த சத்தத்திலேயே ஓடியிருந்தான்.

ஊரில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மாணவர்களைக் காப்பாற்றியதற்காக நாகேந்திரனுக்கு மாலை போட்டார்கள். சுந்தரமூர்த்தி தலைமை தாங்கி, இந்தத் தீமையைத் தாம் நெடுநாளாகக் கவனித்து வந்ததாக ஒலிபெருக்கியில் சொன்னார். அம்சாவை யாரும் கூப்பிடவில்லை. தறிக்கொட்டகையில் தார் சுற்றிக்கொண்டே அவள் அதைக் கேட்டாள். "கவனிச்சாராம்மா. கண்ணை மூடிகினு கவனிச்சார்" என்றாள் அம்மாவிடம். கன்னியம்மாள் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மகளின் கன்னத்தைப் பார்த்த நாள் முதல் அவள் பேச்சு குறைந்திருந்தது. ஆனாலும் முட்டை மகனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜம்புலிங்கம் அபராதம் கட்டிவிட்டு வந்தார். கடையை மைத்துனன் பெயரில் மாற்றினார். அடுத்த ஆடியில் வழக்கம்போல் காவடி எடுத்தார். முன்னைவிடப் பெரிய காவடி. ஜிஞ்சர் மட்டும் விற்கவில்லை. நாகேந்திரன் மகன் உட்பட ஏழெட்டுப் பிள்ளைகள் அதோடு விட்டார்கள், பரீட்சை எழுதினார்கள், அரக்கோணத்துக்கு ரயில்வே வேலைக்கும் மற்ற வேலைக்கும் போனார்கள். அவர்களில் ஒருவரும் அம்சாவைத் தெருவில் பார்த்தால் நின்று பேசியதில்லை.

தேசப்பன் விடவில்லை. பஸ் ஏறினால் ஆந்திர எல்லைக்குள் நகரி. அங்கே சாராயக்கடை திறந்தே இருந்தது. பரீட்சை நடந்த வாரத்தில் அவன் நகரியில் இருந்தான். பிறகு லாரியில் கிளீனராகப் போனான்; கொஞ்ச காலம் எங்கே என்றே தெரியவில்லை. எண்பத்தொன்றில் தமிழ்நாட்டிலும் சாராயக் கடைகளை ஏலம் விட்டுத் திறந்தார்கள். "நல்லதாப் போச்சி. இனிமே வயித்து வலின்னு பொய் சொல்லத் தேவையில்ல" என்றாள் அம்சா.

அதற்குள் பஞ்சாட்சரம் இறந்திருந்தார். கைத்தறியை எடுத்துவிட்டு, கடன் வாங்கி ஒரு விசைத்தறி போட்டு, அம்சா நடத்திக்கொண்டிருந்தாள். கடலை தின்ன வந்து, பேச்சில் தோற்றுத் தோற்று, அதில் சந்தோஷப்பட்ட மணவாளன் என்ற ரயில்வே கேங்மேனைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் தேசப்பன் வாசலில் வந்து நின்றான். இருபத்திரண்டு வயதுக்குக் கிழவன் மாதிரி இருந்தான். கண் மஞ்சளாக இருந்தது. டம்ளரைக் கொடுத்தால் பாதித் தண்ணீர் கீழே சிந்தியது.

கன்னியம்மாள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். அம்சா துடைப்பத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"கொட்டாயைப் பெருக்கு. அப்புறம் சோறு."

"புள்ள நிக்க முடியாம நிக்கறான்டி, பாவி!"

"நிக்க முடியலன்னா உக்காந்துகினு பெருக்கட்டும்மா."

அவன் உட்கார்ந்தே பெருக்கினான். மறுநாளும் பெருக்கினான். மணவாளன் அவனை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நூல் மூட்டை இறக்குவது, எண்ணெய் விடுவது என்று வேலை கூடியது. சில மாதம் நன்றாக இருப்பான். சில மாதம் ஆளைக் காணோம் என்று சாராயக்கடைப் பக்கம் போய்த் தேட வேண்டும். தேடிக் கூட்டிவந்து, தெளிந்த பிறகு, அம்சா பேசுகிற பேச்சைக் கேட்க முடியாமல் மணவாளனே வெளியே போய்விடுவார். ஆனால் கதவை அவள் ஒருமுறைகூடச் சாத்தவில்லை. பேச்சை வாங்கிக்கொண்டு தலை குனிந்து நிற்கிற நாட்களின் இடைவெளி மெதுவாக நீண்டது. ஒரு முழு வருஷம் அவன் சாராயக்கடைப் பக்கம் போகாமல் கழிந்தது.

கன்னியம்மாளுக்கு உடனே ஆசை வந்துவிட்டது. யாருக்கும் சொல்லாமல் தரகரைப் பிடித்து, வேலூர்ப் பக்கத்திலிருந்து பெண் வீட்டாரை வரவழைத்தாள். வீடு பெருக்கி, கேசரி கிண்டி, தேசப்பனுக்குச் சலவைச் சட்டை போட்டு உட்கார வைத்தாள். தறிக்கொட்டகையிலிருந்து அம்சா எண்ணெய்க் கையோடு வந்தபோது, பையன் தொழிலைத் தனியாகக் கவனிக்கிறான், தங்கமான குணம் என்று தரகர் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா மரியாதையான மனிதர். கேசரித் தட்டைக் கையில் வாங்கிவிட்டிருந்தார்.

"ஐயா, சாப்புடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க" என்றாள் அம்சா. "இவன் எந்தம்பி. பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே குடிக்க ஆரம்பிச்சவன். இப்ப ஒரு வருசமா குடிக்கறதில்ல. நாளைக்கு இன்னா ஆவான்னு எனுக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தறி என்னுது. பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

தரகர் எழுந்து நின்றுவிட்டார். கன்னியம்மாள் வாயில் புடவை முந்தானையை வைத்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா தேசப்பனைப் பார்த்தார்.

"நெசமா தம்பி?"

தேசப்பன் அக்காவைப் பார்க்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. "ஆங். நெசந்தாங்க" என்றான்.

அவர் தட்டைக் கீழே வைத்து, "சொன்னதுக்குச் சந்தோசம்மா" என்று சொல்லிவிட்டுத் தம் ஆட்களோடு எழுந்து போனார். கன்னியம்மாள் மகளைச் சபித்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கூடத்தில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். வரிசையாக வைத்திருந்த கேசரித் தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன.

அம்சா கையைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "சக்கரையை அள்ளிக் கொட்டிகீறாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டைத் தன் பக்கம் இழுத்தாள், இன்னொன்றை அவன் பக்கம் தள்ளினாள். தேசப்பன் சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.